தொப்பியில்லாத எல்விஸ்

கிளிநொச்சி

மச்சான்,

நாங்கள் நலம். இரணைமடுக் குளம் நிரம்பியிருக்கிறது, வயல் பரவாயில்லை. சின்னவன் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் குப்புறக் கிடக்கிறான். சரி, குசலம் முடிந்தது.

நீ சொன்ன 'டெலிரியஸ்' படத்தை ஒருவழியாகப் பார்த்தேன். 2006ஆம் ஆண்டுப் படம் வன்னிக்கு இப்போதுதான் வந்ததா என்று நக்கலடிக்காதே. இயக்குநர் டொம் டிசில்லோ கெட்டிக்காரன்தான். நியூயோர்க்கில் பிரபலங்களைத் துரத்தித் துரத்திப் படம் பிடிக்கிற லெஸ்ஸாக ஸ்டீவ் பூசெமி. நடிகை கோல்டி ஹான் சாப்பிடுவதையும் பாடகர் எல்விஸ் கொஸ்டெல்லோ தொப்பியில்லாமல் நிற்பதையும் எடுத்ததுதான் அவனுடைய வாழ்நாள் சாதனை! சிரித்து வயிறு நொந்தது. திருவிழாவுக்கு வந்த நாதஸ்வர வித்துவானுக்குப் பக்கத்தில் தோளைச் செருகி நின்ற நம் ராசனைத்தான் நினைத்தேன். அந்தப் படம் இன்னும் கடையில் தொங்குகிறது.

ஆனால் லெஸ் பெற்றோரிடம் போய்ப் பாராட்டுக்கு ஏங்குகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. தான் இரங்கிப் படுக்க இடம் கொடுத்த பொடியன் டோபியே நட்சத்திரமாகிவிட, வயிறு எரிந்து திரிகிறானே, அவனை வெறுக்கவும் முடியவில்லை.

நித்திரை வராததற்குக் காரணம் வேறு. லெஸ் துரத்துகிறவர்களுக்குக் காவலாளி உண்டு. இங்கே கமரா போவது கதவே இல்லாத வீட்டுக்கு. போன கிழமை விசுவமடுவில் ஒரு பெரியம்மா வீட்டில் நின்றேன். யூடியூப் சனல் வைத்திருக்கிற பொடியன் ஒருவன் வெளிநாட்டுக் காசில் அரிசி மூட்டை கொண்டுவந்தான். அவ வாங்கி உள்ளே வைத்துவிட்டா. "அம்மா, மைக் வேலை செய்யேல்லை, திரும்ப ஒருக்கா வாங்குங்கோ" என்றான். அவ தூக்கிவந்து கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினா. பிறகு காணாமல் போன மகனைப் பற்றிக் கேட்டான். பேசாமல் நின்றா. திரும்பவும் கேட்டான். அழுத பிறகுதான் கமரா இறங்கியது. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், மச்சான்.

பொடியன் கெட்டவனில்லை. அவனுக்கும் வேலையில்லை. அந்த அரிசி வராவிட்டால் அன்றைக்கு அங்கே உலையும் இல்லை. அதுதான் என்னைப் போட்டுக் குழப்புகிறது. இப்போது கடைத்தெருவில் அவனோடு செல்பி எடுக்க ஆட்கள் நிற்கிறார்கள். பெரியம்மாவைக் கண்டால் "வீடியோவில் அழுத மனுசி" என்கிறார்கள். கீழே இதயம் போட்டவர்களில் உன் பெயரும் இருந்தது, கண்டேன். கனடாவில் ஸ்காபரோக் குளிருக்குள் இருந்து அழ உங்களுக்கும் ஏதாவது வேண்டும்தானே!

கோபிக்காதே. அம்மாவின் திவசத்துக்கு யாருக்காவது கொடுக்க வேண்டும் என்றாயே, அதைச் சனலுக்கு அனுப்பாதே. பெரியம்மாவிடம் வங்கிப் புத்தகம் இருக்கிறது, கேட்டு இலக்கத்தை எழுதுகிறேன். காசு கிடைத்தது என்று ஒரு வரி போடுவேன். படம் வராது, கேட்டுச் சண்டை பிடிக்காதே.

டிசில்லோவின் வேறு படம் இருந்தால் அனுப்பு. இந்த முறை சிரிக்கிற படமாகவே முடியட்டும்.

உன்,
கட்டையன்