எல்லையோரக் கால்நடை மருத்துவமனைகளில் பூனைகளுக்கும் ஸ்கேன் வசதி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பூனை இல்லாத வீடு குறைவு. நெல் மூட்டையும் தேங்காய்க் களமும் உள்ள வீடுகளில் எலிக்குக் காவல் அதுதான். ஆனால் அந்தப் பூனைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், எக்ஸ்ரேயோ (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேனோ எடுத்துப் பார்த்து மருத்துவம் செய்ய மேற்கே பாலக்காட்டுக்கும், அங்கும் முடியாதபோது திருச்சூர் அருகே உள்ள மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், அல்லது எல்லை தாண்டிக் கோவைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. இந்த அலைச்சலில் பறிபோகும் நேரமே பல பூனைகளின் உயிரைப் பறித்துவிடுகிறது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆண் பூனைக்கு வரும் சிறுநீர் அடைப்பை எடுத்துக்கொள்வோம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனிப்பகுதியில் மிகக் குறுகலானது. மணல் போன்ற படிகங்களோ, சளியும் படிகமும் சேர்ந்த கட்டியோ அங்கே அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுகூட வெளியேறாது. பூனை மறுபடியும் மறுபடியும் மண்ணில் போய்க் குந்தும், முக்கும், முனகும், அடிவயிற்றை ஓயாமல் நக்கும். பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பூனைக்கு அப்படித்தான் நடந்தது. அதன் அடிவயிற்றைத் தொட்டபோது மூத்திரப்பை ஒரு எலுமிச்சம்பழம் போல் திரண்டு கெட்டியாக இருந்தது. இந்த நிலையில் ஒரு நாள் கடந்தாலே சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு மந்தமாகும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கி, நரம்பு வழியே திரவம் ஏற்றினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்ளும்.

அடைப்பை நீக்கியதோடு வேலை முடிவதில்லை. பையில் கல் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினால் மீண்டும் அடைத்துக்கொள்ள இடமுண்டு. பூனைகளுக்கு அதிகம் வரும் ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்ஸலேட் என்ற இருவகைக் கற்களும் எக்ஸ்ரேயில் பொதுவாகத் தெரியும். மிகச் சிறிய கற்களையும் பைக்குள் மிதக்கும் வண்டலையும் ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் இடுப்பெலும்புக்குள் மறைந்து ஓடும் குழாயை ஸ்கேனால் சரியாகப் பார்க்க முடியாது. அதற்கு எக்ஸ்ரேதான் வேண்டும். அந்தப் படமும் குழாயின் நுனிவரை விழும்படி எடுக்கப்பட வேண்டும். வயிற்றோடு நின்றுவிடும் படத்தில், குழாயில் சிக்கியிருக்கும் கல் கண்ணில் படாமலே போய்விடும். ஸ்ட்ருவைட் கல்லைச் சிறப்பு உணவு கொடுத்தே கரைக்கலாம்; கால்சியம் ஆக்ஸலேட் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு கருவி இருந்தால் மற்றது வேண்டாம் என்று அதிகாரிகள் முடிவு செய்துவிடக் கூடாது.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையின் நிலை இதைவிட அவசரமானது. அதைப் படுக்க வைத்து அழுத்திப் பிடித்து எக்ஸ்ரே எடுப்பது ஆபத்து; அந்தப் பதற்றத்திலேயே உயிர் போகலாம். முதலில் ஆக்சிஜன் கொடுத்து, அது உட்கார்ந்த நிலையிலேயே நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் நீர் கோத்திருக்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஊசியால் அந்த நீரை எடுத்தால் மூச்சும் சீராகும். அதைச் சோதித்து நோய் இதயத்திலா, சீழா, எஃப்.ஐ.பி. என்ற வைரஸ் நோயா, புற்றுநோயா என்று அறியவும் வழி கிடைக்கும்.

பூக்கட்டும் வீடுகள் நிறைந்த நம் பகுதியில் நூலையும் நாரையும் பூனை விழுங்கிவிடுவதும் உண்டு. நூலோடு ஊசி போயிருந்தால் எக்ஸ்ரே காட்டும். வெறும் நூல் அதில் தெரியாது. குடல் சுருக்குப் போட்டதுபோல் மடிந்திருப்பதை ஸ்கேனில் காணலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் யாரும் பிடித்து இழுக்க வேண்டாம். உள்ளே குடல் அறுபட்டுவிடும்.

நம் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் கறவை மாடுகளுக்காகவே அமைக்கப்பட்டவை. அதில் எனக்குக் குறையில்லை. மாடுதான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மாட்டின் சினை பார்க்கும் ஸ்கேன் கருவி இருக்கும் இடங்களில், பூனை, நாய் போன்ற சிறு பிராணிகளுக்கு ஏற்ற சிறிய புரோப் (உடலில் வைத்துப் பார்க்கும் பகுதி) ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பொருத்த முடியுமா என்று துறை ஆராயலாம். எல்லையோர வட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவமனையிலாவது எக்ஸ்ரே கருவியும், சிறு பிராணிகளுக்குப் படம் எடுத்துப் பழகிய மருத்துவர் ஒருவர் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் வந்து பார்க்கும் ஏற்பாடும் வேண்டும். இதற்கான பயிற்சியை மண்ணுத்தியிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பெற முடியும்.

வசதி வரும்வரை வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பேறி, முகமும் பாதமும் வீங்கிப் பூனை இறந்துபோகலாம். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷமே. குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய்க்கோ எந்த ஸ்கேனும் உதவாது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கிப் போட வேண்டிய தடுப்பூசிதான் காப்பு.

எல்லையில் வாழ்பவர்களுக்கே உரிய இன்னொரு சிரமமும் இருக்கிறது. பாலக்காட்டில் எடுத்த படத்தின் நகல் கையில் இல்லாததால், கோவைக்குப் போனதும் அதே படத்தை மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். நோயில் துவண்ட பூனையை மீண்டும் பிடித்து அமுக்க வேண்டியிருக்கிறது. கூலி வேலை செய்பவர் இரண்டாவது முறையும் பணம் கட்டுகிறார். எடுத்த படத்தையும் அறிக்கையையும் வளர்ப்பவரின் கைபேசிக்கு அன்றே அனுப்பிவைக்க வேண்டும் என்று இரு மாநிலக் கால்நடைத் துறைகளும் உத்தரவிடலாம். புதிய கட்டடமும் கருவியும் வரக் காலம் பிடிக்கும். இதை அடுத்த வாரமே தொடங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.