கோலாங்குக்கு மாறலாமுங்க, விபி6-ஐ எப்ப நிறுத்துவீங்க?

மேனேஜ்மென்ட்டுக்கும் ஆர்க்கிடெக்ட் டீமுக்கும் வணக்கமுங்க.

இனிமேல் புது மாட்யூலெல்லாம் ஜாவாவ விட்டுட்டு கோலாங்ங்கிற ப்ரோகிராமிங் மொழிலதான்னு நீங்க போட்ட மெயில் பார்த்தேனுங்க. அந்த மொழி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. 2012ல 1.0 வந்ததுலிருந்து பழைய கோடு உடையாமப் பார்த்துக்கறாங்க, ஒத்த பைனரிய, அதாவது ஓடுற ஃபைல, கொண்டுபோய் வெச்சா ஓடுது, திருப்பூர்ல கஸ்டமர் ஆபீஸ் மூலையில கெடக்குற டப்பா மெஷின்ல ஜாவா வெர்ஷன் தேடிட்டு உக்கார வேண்டியதில்ல. ஆனா மெயில்ல "செலவு: இல்லை"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதானுங்க இடிக்குது.

நம்ம சாஃப்ட்வேரோட பொழப்பே தைக்கிறவங்களுக்குச் சனிக்கெழம சம்பளக் கணக்குப் போடறதுதான். ஓவர்லாக், பேட்லாக்னு ஒவ்வொரு தையல் வேலைக்கும் பீஸ் ரேட் வேற. ஜாவால அதுக்கு தசமத்தத் துல்லியமா வெச்சுக்கற பிக்டெசிமல் இருக்குது, கோலாங்கூடவே வர்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரில அப்படி டெசிமல் டைப்பே கெடையாது. பீஸுக்கு 1.15 ரூபாய்னு வர்றத தசமத்தத் தோராயமா வெச்சுக்கற ஃப்ளோட்ல வாங்கி 100ஆல பெருக்கி அப்படியே இன்டா, அதாவது முழு எண்ணா, மாத்துனா 114 பைசாதான் வரும், 115 வராது. ஒரு பைசாதானேம்பீங்க, நாளெல்லாம் குனிஞ்சு தைக்கிற அக்காகிட்டப் போய் அதச் சொல்லிப் பாருங்க. பைசாவையே முழு எண்ணா வெச்சுக்கலாம், வெளி லைப்ரரி போடலாம், வழி இல்லாம இல்லீங்க. ஜாவால எப்பவோ தீத்துவெச்சத திரும்ப உக்காந்து தீக்கோணும், பழைய சம்பளச் சீட்டோட ஒப்பிட்டுப் பாக்கோணும், அந்த நேரத்துக்குச் சம்பளம் நீங்கதான குடுக்கறீங்க?

அதவிடப் பெரிசு, பழசு போகவே போகாது. நம்ம பில்லிங் இன்னும் விபி6ங்கிற, அதாவது விஷுவல் பேசிக் 6ங்கிற, பழைய மைக்ரோசாஃப்ட் மொழில ஓடுது. 1998ல வந்தது, அதுல கோடு எழுதற ஐடிஇக்கு மைக்ரோசாஃப்ட் 2008லயே சப்போர்ட்ட நிறுத்திப்போட்டாங்க, எழுதி முடிச்சத ஓட்டற ரன்டைம் மட்டும் விண்டோஸ்ல இன்னும் ஓடறதால யாரும் தொடறதில்ல. ஜாவா வந்தப்பவும் சீக்கிரம் எடுத்துப்போடலாம்னுதான் சொன்னீங்க. 2025 செப்டம்பர் 22ல ரெடிமேட் துணிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வரம்பு 1000 ரூபாயிலிருந்து 2500 ஆச்சுல்லீங்க, அதையே விபி6ல ஒருக்கா, ஜாவால ஒருக்கான்னு மாத்துனோம். அடுத்த தடவ மூணு எடம், மூணு டெஸ்டிங்.

ஆளு கெடைக்கறதும் அப்படித்தான். கோயமுத்தூர் சரவணம்பட்டில ஜாவா தெரிஞ்ச பசங்க எப்பவும் கெடைப்பாங்க, கோலாங் நல்லாத் தெரிஞ்சவன நாம கஷ்டப்பட்டு உருவாக்குனா பெங்களூர்க்காரன் ஆஃபர் குடுத்துக் கூட்டிட்டுப் போயிருவான். அப்பறம் சனிக்கெழம பொழுதோட போன் வந்தா எடுக்கறது யாரு?

அதனால ரெண்டு விசயம் எழுத்துல வேணுமுங்க. விபி6 பில்லிங் எந்தத் தேதில நிக்கும், யாரு பொறுப்பு. கத்துக்கற நேரத்த டார்கெட்ல கழிப்பீங்களா, இல்ல எங்க ஞாயித்துக்கெழமையத்தான் எடுப்பீங்களா. தேதி வந்தா முதல் மாட்யூல நானே எழுதறேனுங்க. சம்பளக் கணக்குப் போடற பே-ரோல் மாட்யூல மட்டும் கடைசியாத் தொடுங்க.

இப்படிக்கு,
சப்போர்ட் போன் எடுக்கறவன்