செத்தவர் பெயரில் பஞ்சாங்கம்: லண்டன் ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

அச்சகத்தாரும் புத்தக வணிகரும் சேர்ந்த பழைய சங்கமான லண்டன் ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் தலைவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம்.

சோதிடர் ஜான் பார்ட்ரிட்ஜின் பிழைப்பைக் கெடுத்தது யார் என்பதில் உங்கள் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பழியை ஜோனாதன் ஸ்விஃப்டின் தலையில் கட்டிவிட்டார்கள். நீங்களும் 300 ஆண்டுகளாக வாயைத் திறக்கவில்லை.

கதை தெரியாத தமிழ் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1708 தொடக்கத்தில் ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற கற்பனைப் பெயரில் ஸ்விஃப்ட் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அன்றைய லண்டனின் பெயர்பெற்ற பஞ்சாங்கக்காரரான பார்ட்ரிட்ஜ், மார்ச் 29 இரவு சுமார் 11 மணிக்குக் கடுங்காய்ச்சலில் இறப்பார் என்று அதில் நாள் குறித்தார். நாள் வந்தது, ஆள் சாகவில்லை. ஆனாலும் அவர் இறந்துவிட்டார் என்று இன்னொரு பிரசுரம் வந்தது. நேரக் கணிப்பு மட்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிசகிவிட்டது என்று அதில் ஒரு குறை வேறு. பாவம் அந்த மனிதர், 1709க்கான தம் பஞ்சாங்கத்தில் ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று அச்சடித்துச் சொன்னார். உயிருள்ள எவனும் இப்படிப்பட்ட குப்பையை எழுதமாட்டான், ஆகவே அவர் செத்தது உறுதி என்று ஸ்விஃப்ட் பதில் கொடுத்தார். அடுத்த ஆண்டு பார்ட்ரிட்ஜின் பஞ்சாங்கம் வரவில்லை. நையாண்டி கொன்றுவிட்டது என்று பாடப்புத்தகம் எழுதி முடித்துவிட்டது.

1710 முதல் 1713 வரை அந்தப் பஞ்சாங்கம் நின்றதற்கு உண்மைக் காரணம் உங்களோடு அவருக்கு இருந்த பணத் தகராறு. அவர் தம் பஞ்சாங்கத்தை வேறோர் அச்சகத்தாரிடம் கொண்டுபோனார். நீங்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினீர்கள். ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்க, செத்துவிட்டார் என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. சமரசம் ஆனபின் 1714க்கான பஞ்சாங்கம் ‘உயிர்த்தெழுந்த மெர்லின்’ (மெர்லின் பழங்கதை மந்திரவாதி) என்று பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. மறு ஆண்டே அவர் உண்மையாக இறந்துபோனார். ஆனால் அவர் பெயரில் பஞ்சாங்கம் போடுவதை நீங்கள் நிறுத்தவில்லை. 18ஆம் நூற்றாண்டு நெடுகிலும் பார்ட்ரிட்ஜ் ஆண்டுதோறும் பலன் சொல்லிக்கொண்டிருந்தார். உயிரோடிருந்தவரைச் செத்தவர் என்று சொன்ன ஸ்விஃப்டை உலகம் கொண்டாடுகிறது. செத்தவரை உயிருள்ளவராக்கி இத்தனை காலம் விற்ற உங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன். எங்கள் பக்கம் ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும்; அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ராகு காலமும் எமகண்டமும்தான் என் கண்ணுக்குள் ஓடும். அட்டையில் கடைக்காரர் பெயர் பெரிதாக இருக்கும். கணித்தவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஆகவே உங்கள் பழைய கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

1603இல் அரசர் முதலாம் ஜேம்ஸ் பஞ்சாங்கம் அச்சிடும் உரிமையை உங்களுக்கு எழுதிக்கொடுத்தார். பல்கலைக்கழகங்களுக்கும் அந்த உரிமையில் பங்கு இருந்தது. அவர்கள் அதைப் பயன்படுத்தாமல் சும்மா இருப்பதற்கு நீங்கள் பணம் கொடுத்தீர்கள். 1660களில் ஆண்டுக்கு 4 லட்சம் பிரதிகள் விற்றதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒன்று. அந்த லாபம் உங்கள் உறுப்பினர்களுக்குப் பங்குத்தொகையாகப் பிரிந்தது.

வாங்கியவர்கள் எல்லோரும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எங்கள் ஊர்ப் பகுத்தறிவு நண்பர்கள் சட்டென்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தச் சிறு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. சட்டைப்பையில் அடங்கும் அளவு. முதல் பாதியில் மாதத்துக்கு ஒரு பக்கம்: நாள், திருநாள், சந்திரன் நிற்கும் ராசி, சூரிய உதயம். நீதிமன்றம் கூடும் காலம், எந்த ஊரில் என்றைக்குச் சந்தை, லண்டன் பாலத்தடியில் எப்போது நீர் ஏறும் என்ற அட்டவணை, ஊருக்கு ஊர் வழி. உலகம் படைக்கப்பட்டு எத்தனை ஆண்டு, வெடிமருந்து கண்டுபிடித்து எத்தனை ஆண்டு என்றொரு கணக்கு. ஆடையில்லாமல் நிற்கும் ஒரு மனிதப் படம்: தலையில் மேஷம், கழுத்தில் ரிஷபம், இப்படியே இறங்கி பாதத்தில் மீனம். சந்திரன் எந்த ராசியில் நிற்கிறதோ அந்த உறுப்பில் அன்று கத்தி வைத்து இரத்தம் எடுக்கக் கூடாது. பிற்பாதிக்குத் தனித் தலைப்புப் பக்கம் உண்டு. பலன்கள் எல்லாம் அங்கேதான். குறிப்பெழுத இடம் விட்டு அச்சடித்த வகையும் உண்டு. அதில் கடனும் மாடு சினையான நாளும் எழுதி வைப்பார்கள். பஞ்சாங்கத்தில் வெற்றுத்தாள் சேர்த்துத் தைத்து நாட்குறிப்பு எழுதும் அந்தப் பழக்கம் கடல் கடந்தும் போனது. ஜார்ஜ் வாஷிங்டனின் நாட்குறிப்புகள் பல ‘வர்ஜீனியா ஆல்மனாக்’கின் இடைத்தாள்களில் எழுதப்பட்டவைதாம்.

பலன் சொன்னவர்களிடமும் ஒரு காலத்தில் நெஞ்சுரம் இருந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் சோதிடர் வில்லியம் லில்லி பாராளுமன்றத்தின் பக்கம் நின்று எழுதினார். அரசர் பக்கத்தில் ஜார்ஜ் வார்ட்டன் நேர் எதிராகப் பலன் சொன்னார். 1645 ஜூனில் நேஸ்பியில் அரசர் படை தோற்றது. லில்லியின் பெயர் ஏறியது. 1648இல் கோல்செஸ்டரை முற்றுகையிட்ட படைவீரர்களுக்குத் தைரியம் சொல்ல லில்லியையும் இன்னொரு சோதிடரான ஜான் புக்கரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். இதற்கெல்லாம் விலை இருந்தது. 1651இல் லில்லி வெளியிட்ட நூலொன்றில் இரட்டையர் தலைகீழாக நெருப்பில் விழும் படம் இருந்தது. லண்டனுக்கு மிதுன ராசி என்பது அவர்கள் சாத்திரம். 1666 ஏப்ரலில், அரசரைக் கொன்று நகரத்துக்குத் தீ வைக்கச் சதி செய்ததாக ராத்போன் என்பவரும் கூட்டாளிகளும் தண்டிக்கப்பட்டார்கள். லில்லியின் பஞ்சாங்கம் பார்த்து அவர்கள் தேர்ந்த நல்ல நாள் செப்டம்பர் 3 என்று ‘லண்டன் கெஜட்’ எழுதியது. செப்டம்பர் 2 விடியுமுன் பெருந்தீ மூண்டது. அக்டோபரில் பாராளுமன்றக் குழு லில்லியைக் கூப்பிட்டு விசாரித்தது. எந்த ஆண்டு என்று கணிக்கவில்லை, தீயை மூட்டியது கடவுளின் விரல் என்று சொல்லிவிட்டுத் தப்பித்து வந்தார். அவர் சொன்ன பலனை நான் நம்பவில்லை. ஆனால் சொன்னதற்குத் தம் பெயரையும் கழுத்தையும் பிணையாக வைத்தவர் அவர்.

உங்களுக்கு அந்த மாதிரி ஆட்கள் தொந்தரவு. கூலி கேட்பார்கள், வேறு அச்சகத்துக்குப் போவார்கள், அரசைச் சீண்டி உங்களையும் மாட்டிவிடுவார்கள். இறந்தவர் எதுவும் கேட்கமாட்டார். வின்சென்ட் விங் 1668இல் இறந்தார். அவர் பஞ்சாங்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வந்தது. அங்கேயாவது அவர் குடும்பத்தார் தொடர்ந்து கணித்தார்கள்; டைக்கோ விங்கின் படத்தை உங்கள் மண்டபத்தில் மாட்டி மரியாதையும் செய்தீர்கள். ஃபிரான்சிஸ் மூர் விஷயத்தில் அதுவும் இல்லை.

மூர் ஒரு மருத்துவர், மாத்திரை விற்றவர். 1701க்கான பஞ்சாங்கத்தோடு அவருடைய ‘விண்மீன்களின் குரல்’ தொடங்கியது. 1715 வாக்கில் அவர் போய்ச் சேர்ந்தார். 1768இல் அது 1,07,000 பிரதி விற்றது. 1839இல் 5,60,000. ஆள் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும் விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது. அதைக் கணித்தது யார்?

லண்டனுக்கு வடக்கே ராய்ஸ்டன் என்ற சிற்றூரில் ஹென்றி ஆண்ட்ரூஸ் என்ற ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1744இல் பிறந்து, வீட்டுவேலை செய்து வளர்ந்து, தாமே கணிதம் படித்தவர். புத்தகமும் வாயுமானியும் விற்றுக் குடும்பம் நடத்தினார். தம் தந்தை 43 ஆண்டுகள் மூரின் பஞ்சாங்கத்தைக் கணித்தார், அவர் காலத்தில் விற்பனை ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது, கிடைத்தது ஆண்டுக்கு 25 பவுண்டு என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். மகன் கணக்கில் பாசம் கொஞ்சம் கூடியிருக்கலாம். இருந்தாலும் போட்டுப் பாருங்கள்: அன்றைய 25 பவுண்டு என்பது 6,000 பென்னி. ஐந்து லட்சம் பிரதி என்றால், 83 பிரதி விற்றால் அவர் கைக்கு ஒரு பென்னி.

இதே மனிதர்தான் கப்பலோட்டிகளுக்கான ‘நாட்டிக்கல் ஆல்மனாக்’குக்கும் கணக்குப் போட்டார். அரசவை வானியலாளர் மாஸ்கலின் அவருக்குக் கடிதம் எழுதினார். தீர்க்கரேகை வாரியம் நன்றி சொல்லிப் பரிசு கொடுத்தது. பகலில் நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் கணக்கு, இரவில் துருக்கி சுல்தானுக்குச் சனி என்ன செய்வான் என்ற பலன். இரண்டுக்கும் ஒரே பேனா. அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கிரகணமும் சந்திரனின் நிலையும் அவர் கையில் சரியாக வந்தன. பலன் பக்கம் உங்களுக்குத் தேவைப்பட்ட சரக்கு.

சரக்கு தேவைப்பட்டது எங்களுக்கல்ல, வாசகருக்கு என்று நீங்கள் சொல்லலாம். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு முறை மூரின் பஞ்சாங்கத்திலிருந்து உடல் உறுப்பு ராசிப் பத்தியை நீங்கள் எடுத்துப் பார்த்தீர்கள், பிரதிகள் திரும்பி வந்தன, மறுபடி சேர்த்து அச்சடிக்க வேண்டியதாயிற்று என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. நம்புகிறேன், ராசிபலன் இல்லாமல் காலண்டர் போட்டுப் பார்த்த எந்த அச்சகத்தாரும் நம்புவார். ஆனால் பலன் வேண்டும் என்றுதான் வாசகர் கேட்டார். கணித்தவர் பெயரை மறையுங்கள் என்று அவர் எப்போது கேட்டார்?

தாமஸ் கார்னன் என்ற புத்தகக்கடைக்காரர் உங்கள் ஏகபோகத்தை உடைத்த கதையை நீட்டப் போவதில்லை. கைதாவது வழக்கமாகிவிட்டதால் மாற்றுச் சட்டையைப் பையிலேயே வைத்திருப்பார் என்று ஒரு கதை உண்டு. பஞ்சாங்க உரிமையை அப்படி எழுதிக்கொடுக்க அரசருக்கே அதிகாரம் இல்லை என்று 1775இல் நீதிமன்றம் சொன்னது. 1779இல் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்து உரிமையைத் திரும்பப் பெறப் பார்த்தீர்கள், எர்ஸ்கின் என்ற இளம் வழக்கறிஞர் உங்கள் பஞ்சாங்கங்களிலிருந்த ஆபாசத்தைச் சுட்டிக்காட்டியே வாதாடினார், மசோதா தோற்றது. அப்புறமும் விற்பனையில் நீங்கள்தான் முன்னால் நின்றீர்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் உங்கள் கை நீளவில்லை. அங்கே 1639க்கான முதல் பஞ்சாங்கத்தைக் கணித்தவர் வில்லியம் பியர்ஸ் என்ற கப்பலோட்டி. ஆனால் உங்கள் வித்தை அங்கேயும் போய்ச் சேர்ந்தது. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனில் முன்பு வாழ்ந்த ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற சோதிடரின் பெயரைப் போர்த்திக்கொண்டு 1733க்கான பஞ்சாங்கத்தோடு இறங்கினார்; போட்டியாளர் டைட்டன் லீட்ஸ் அக்டோபர் 17 பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு இறப்பார் என்று ஸ்விஃப்டின் பழைய வேடிக்கையை அப்படியே ஓட்டினார். லீட்ஸ் கோபித்தார். என் நண்பர் லீட்ஸ் இவ்வளவு மரியாதையில்லாமல் எழுதமாட்டார், ஆகவே அவர் இறந்திருக்கத்தான் வேண்டும் என்றார் பிராங்க்ளின். 1738இல் லீட்ஸ் உண்மையாக இறந்தபின் அவருடைய அச்சகத்தார் அவர் பெயரிலேயே பஞ்சாங்கம் போட்டார்கள். உங்கள் பள்ளியில் படித்தவர்கள்!

பெயரை மறைக்காமல் வெளியிட்டவர்களும் அதே மண்ணில் இருந்தார்கள். மேரிலாந்தில் அடிமைத்தளையில்லாத கறுப்பினக் குடியானவர் பெஞ்சமின் பானக்கர் 1792க்கான பஞ்சாங்கத்தைக் கணித்தார். அதன் கையெழுத்துப் படியை 1791 ஆகஸ்டில், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனுக்கு அனுப்பி, எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று எழுதிய நீங்கள் என் இனத்தாரை எப்படி அடிமைகளாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகவே அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் அதைப் பரப்பினார்கள்.

இன்னொரு பெயர் எங்கள் பக்கத்திலிருந்து. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலிதம்’ என்ற பெருநூலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதுகிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். பிழையோடு சேர்த்து அந்தத் தமிழரின் பெயரையும் வாரன் பதிந்துவைத்தார். சாமி நாதன் சாஷியா என்று படிக்கத் தோன்றும் எழுத்துக்கூட்டல். உண்மைப் பெயர் எப்படி ஒலித்ததோ. ஆனாலும் பதிந்தார். அவரும் ஒரு கம்பெனியின் ஆட்சியில் வேலை பார்த்தவர்தான்.

என் கோரிக்கை சிறியது. உங்கள் பஞ்சாங்க வியாபாரத்தின் கணக்குப் புத்தகங்கள் பெருமளவு உங்களிடமே இருக்கின்றன. ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எந்தப் பஞ்சாங்கத்துக்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற வரிகளைத் தனியே எடுத்து, முன்பக்கத்துப் பெயருக்கு நேரே கணித்தவர் பெயரையும் கூலியையும் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி ஒரு பட்டியல் வெளியிடுங்கள். 1715 முதல் மூரின் பெயரிலும் பார்ட்ரிட்ஜின் பெயரிலும் வந்தவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றே போடுங்கள். அதுவும் ஒரு பதிவுதான். பட்டியல் தயாரானால் மெய்ப்புப் படியை எனக்கு அனுப்பலாம், கூலி வேண்டாம். கடைசிப் பக்கத்தில் மட்டும், வழக்கமாகப் போடும் சின்ன எழுத்தில், மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
காலண்டர் அச்சகமொன்றின் மெய்ப்புத் திருத்துநர்