இன்னிக்கு உனக்கு 19

டேய், பிறந்தநாள் வாழ்த்துகள். போன்ல சொன்னா ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவ, அதான் எழுதறேன். நீ எங்க வீட்டுக்கு ஃபாஸ்டர் பிள்ளையா (பெத்தவங்ககூட இருக்க முடியாத பிள்ளைய 18 வயசு வரைக்கும் வேற குடும்பம் வச்சுப் பாத்துக்கறது) ஏன் வந்த, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதெல்லாம் எழுத மாட்டேன், இத மத்தவங்களும் படிப்பாங்க, அது உன் விஷயம்.

18 ஆகி நீ வெளிய போறதுக்கு முன்னாடி நடந்த அந்த கடைசி ரிவ்யூ மீட்டிங் தான் மனசுல சுத்திட்டே இருக்கு. சோஷியல் ஒர்க்கர் லிஸ்ட்ட வச்சு டிக் அடிச்சிட்டே வந்தாங்க, பிறப்புச் சான்றிதழ் கைல இருக்கா, பேங்க் அக்கவுன்ட் உன் பேர்ல இருக்கா, தடுப்பூசி ரெக்கார்ட் இருக்கான்னு, எல்லாத்துக்கும் டக்டக்னு பதில் சொன்ன. அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு கேட்டாங்க. பேனாவ மூடித் திறந்து மூடித் திறந்து, "அப்புறம் எழுதிக்கறேன்"னுட்ட. பக்கத்து சேர்ல தானடா நான் இருந்தேன்.

நானா என் பேரச் சொன்னா உன்னக் கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும்னு நினைச்சேன், பெத்தவங்க இடத்துல போய் உக்காராதீங்கன்னு எங்களுக்கு சொல்லிச் சொல்லியே வச்சிருந்தாங்க. மன்னிச்சிடு. ஆனா நீயும் என் பக்கம் திரும்பவே இல்லயே, அத்தன வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு, எனக்கு வலிக்காதா?

1989 ஐநா குழந்தை உரிமை ஒப்பந்தம் 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்கள குழந்தைன்னு சொல்லுது, பாதுகாக்க போட்ட வயசு அது, அதையே வெளிய அனுப்பற தேதியாக்கிட்டாங்க. பெத்த பிள்ளைய யாராவது பிறந்தநாளும் அதுவுமா பையக் கட்டச் சொல்றாங்களா? வெளிய போனப்புறம் என்ன உதவின்னு போறதுக்கு ரொம்ப முன்னாடியே திட்டம் போடணும்னு 2009ல ஐநா வழிகாட்டுதலே சொல்லிடுச்சு. இங்கிலாந்துல 2014லேர்ந்து ரெண்டு பக்கமும் ஆசப்பட்டா 21 வரைக்கும் அதே வீட்ல இருக்கலாம். நம்ம ரெண்டு பேரையும் யாரும் அப்படி ஒரு வார்த்தை கேக்கல.

உன்ன பாத்துக்க எங்களுக்கு வந்த பணம் நின்னதும் பாசமும் நின்னுடுச்சுன்னு பேசினவங்களும் இத படிக்கலாம், படிக்கட்டும்.

கேரன்டி கையெழுத்து இல்லாம வாடகைக்கு வீடு தர மாட்டேங்கறாங்களாமே, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க, என்கிட்ட சொல்லல பாத்தியா. நான் போடறேன், வீட்லயும் பேசி முடிவு பண்ணியாச்சு. காய்ச்சல் வந்தா, வேலை போனா, லீவ்ல போக இடமில்லன்னா இங்க வா. உன் ரூம்ல இப்ப ஒரு சின்னப் பையன் இருக்கான், ஹால்ல படுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஃபார்ம அனுப்பு, பேசப் பிடிக்கலன்னா பேச வேணாம், ஃபார்ம மட்டும் அனுப்பு.