வெரோனிக்கா காஸ்ட்ரோவைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். மெக்சிகோ நகரத்தில் நீ குடியிருக்கும் வீட்டு அம்மையார் வெரோனிக்கா காஸ்ட்ரோவின் பழைய தொடர்களை இன்றும் விடாமல் பார்க்கிறார் என்றும், அழுகைத் தொடரில் நடித்த ஒருவருக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று உனக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்குப் பழக்கமான பெயர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தபோது, 1991 இறுதியில், சோவியத் ஒன்றியம் கலைந்துகொண்டிருந்த வேளையில்தான் அவர் கதாநாயகியாக நடித்த 'பணக்காரர்களும் அழுகிறார்கள்' தொடர் அங்கே ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1992 ஜனவரியில் அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும் ரொட்டிக்கும் பாலுக்கும் சனம் திண்டாடியது. அந்த நிலையிலும் தொடர் தொடங்கும் நேரத்தில் வாயிற்காவல் பாட்டியும் பேராசிரியரும் விடுதிக் கூடத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள். கதாநாயகி தான் பெற்ற குழந்தையை வீதியில் கண்ட ஒரு முதியவளிடம் கொடுத்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் தேடி அலையும் கட்டம் வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த ஆண்டே வெரோனிக்கா மாஸ்கோவுக்கு வந்தபோது, சொந்த வீட்டுப் பெண்ணைப் போல அவரைக் கொண்டாடினார்கள்.

அந்தத் தொடர் 1979இல் மெக்சிகோவில் வெளிவந்தபோது அவருக்கு வயது 27. புகைப்படக் கதைப் புத்தகங்களில் முகம் காட்டித் தொடங்கியவர். 1970இல் ஒரு நாளிதழ் நடத்திய முகத்தேர்வில் வென்று வெளிச்சத்துக்கு வந்தவர். 1974இல், 22 வயதில், திருமணமாகாமலே மகன் கிறிஸ்டியானைப் பெற்று, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி ஒதுங்கிவிடாமல் வளர்த்தெடுத்தார். அந்தப் பிள்ளை பின்னாளில் இலத்தீன் அமெரிக்கா முழுவதும் பெயர்பெற்ற பாடகரானார். கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தக் காலத்தில், அந்தத் தொழிலில் நிலைத்து நின்றது சிறிய காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடிப்பில் அவருடைய வீச்சைக் காட்ட ஒன்று சொல்கிறேன். 'பணக்காரர்களும் அழுகிறார்கள்' தொடரில் வளர்ந்த மகனாக அவரோடு நடித்த கிய்யெர்மோ கபெத்தீய்யோ, 1987இல் வந்த 'ரோசா சல்வாஹே'யில் அவரை மணக்கும் காதலன். இருபதுகளில் தாயாக நின்றவர், 35 வயதில் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தெருப் பையன்களோடு விளையாடும் குறும்புக்காரப் பெண்ணாக வருகிறார், பார்ப்பவர் நம்புகிறார்கள்! மெக்சிகோ தொடர்களில் நடிகரின் காதுக்குள் ஒரு சிறு கருவியை மறைத்து வைத்து, ப்ராம்ப்டர் வரிக்கு வரி வசனம் சொல்லும் வழக்கம் உண்டு. காதில் ஒரு குரல் ஓடிக்கொண்டேயிருக்க, அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து அழுவதற்கு எத்தனை பயிற்சி வேண்டும் என்று நீயே எண்ணிப் பார். இதை அறிந்த பிறகும் அழுகைத் தொடர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

பாட்டும் அவருக்கு ஒட்டுவேலையாக இருக்கவில்லை. மேற்சொன்ன இரண்டு தொடர்களின் முகப்புப் பாடல்களையும் அவரே பாடினார். அவர் பாடிய 'மகும்பா' விருந்துகளில் ஒலித்துக்கொண்டேயிருந்த பாட்டு. அவருடைய குரல் பெரிய குரல் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதில் கதைசொல்லும் திறம் உண்டு. திரைப்படத்தில் அவர் தொட்ட உயரம் குறைவுதான். 1980இல் ஸ்பெயின் இயக்குநர் எலோய் தெ லா இக்லேசியாவின் படத்தில் பாலியல் தொழிலாளியாக நடித்தது, தொலைக்காட்சியில் அவருக்கு வாய்க்காத துணிச்சலான வேடம். எண்பதுகளின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவுக்கும் போய் நடித்துவிட்டு வந்தார்.

என்னை மிகவும் கவர்ந்தவை 1988இல் தொடங்கிய அவருடைய நள்ளிரவு நேரலை நிகழ்ச்சிகள். பாடகர் ஹுவான் கேப்ரியேல் வந்த இரவில் பாட்டும் பேச்சும் விடியும்வரை நீண்டன. எழுதிக் கொடுத்த வசனம் ஏதுமின்றி அத்தனை நேரம் விருந்தினரையும் வீட்டிலிருப்போரையும் பிடித்து வைத்திருக்க, அழகு மட்டும் போதாது. 1990இல் 'மி பெகேஞா சோலெதாத்' தொடரைத் தாமே தயாரித்து, அதில் தாயாகவும் மகளாகவும் இரட்டை வேடம் ஏற்றார்.

2018இல் நெட்ஃபிளிக்ஸின் 'லா காசா தெ லாஸ் ஃப்ளோரெஸ்' தொடர் அவரைப் பேரப்பிள்ளைகள் தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. 2019இல் ஓய்வு அறிவித்தவர், 2022இல் மறுபடி ஒரு படத்தில் தோன்றினார். அதை நீ பிறகு பார்க்கலாம். முதலில் அந்த அம்மையாரோடு அமர்ந்து 'ரோசா சல்வாஹே'யின் சில பகுதிகளைப் பார். அந்த நள்ளிரவு நிகழ்ச்சிகளை அவர் நேரலையில் பார்த்ததுண்டா, மறுநாள் வேலைக்கு எப்படிப் போனார் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா