கறுப்பு மண்ணை ஆக்கியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமேசானின் 'டெர்ரா பிரெட்டா' கறுப்பு மண்ணை இயற்கையின் கொடை என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். அள்ளிப் பார்த்தால் கரித்துண்டு, பானை ஓடு, மீன் முள் என்று வரும். சுற்றிலும் இருப்பதோ மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன மஞ்சள் மண்ணும் செம்மண்ணும்தான். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கு ஊர் அமைத்து வாழ்ந்த பழங்குடிகளின் கைவண்ணம் அது.

உலக மண் வகைப்பாடு 2014இல்தான் இதற்கென்று 'பிரெட்டிக்' என்ற மேல்மண் அடுக்கு வகையைச் சேர்த்தது. குறைந்தது 20 செ.மீ. கனமும் கூடுதல் பாஸ்பரஸும் இருக்க வேண்டும்; கரியோ பானை ஓடோ போன்ற மனிதத் தடயமும் வேண்டும். சரியான முடிவு. ஆனால் பானை ஓடு அதிகம் கிடைக்காத 'டெர்ரா முலாட்டா' பழுப்பு மண்ணையும் அந்தப் பழங்குடிகளின் பழைய விளைநிலமாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஓடு இல்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது. மண் வரைபடங்களில் அதற்கும் இடம் தர வேண்டும்.

– வாசகர், கோவை