சேலத்தில் கண் முகாம் நடத்தும் மருத்துவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

என் தம்பிக்கு 26 வயது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. ஒரு சாண் தூரத்தில் வெள்ளி வளையங்களை வைத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை பற்றவைப்பான். மூன்று வருடத்துக்கு முன்னால், வருகிற பஸ்ஸின் போர்டு தெரியவில்லை என்றான். தெரு முகாமில் மெஷினில் பார்த்து மைனஸ் 3 பவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 4. அப்புறம் 5. தலைவலியில் சுருண்டு சுருண்டு படுத்தான்.

பிறகு ஒரு டாக்டர்தான் கண்ணின் தசையை இளக்கும் அட்ரோபின் சொட்டு விட்டு, கண் பாப்பா விரிந்தபின் அளந்தார். மைனஸ் அரைதான் இருந்தது! கிட்டத்து வேலைக்காக இறுகிய சிலியரித் தசை, அதாவது கண்ணுக்குள் லென்ஸைச் சுற்றியிருக்கிற தசை, அதுவரை இளகவே இல்லையாம். அது இறுகினால் லென்ஸ் உப்பும், தூரம் மங்கும். அதற்குப் போய் மைனஸ் கண்ணாடி போட்டால் கண் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மூன்று கண்ணாடி வாங்கி அதைத்தான் செய்திருக்கிறோம்.

சொட்டு விட்ட வாரம் மொட்டைமாடியில் நின்று சேர்வராயன் மலையைக் காட்டி, "மரம் மரமாத் தெரியுதுக்கா" என்றான். ஆனால் கையில் வைத்திருந்த கொலுசின் வளையம் தெரியவில்லை. அந்த மருந்தின் வேகம் அடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. அடங்கியதும் தசை மறுபடி இறுகிக்கொள்ளும். இரண்டு வருடமாக இதே கதை.

இப்போது ஆபரேஷன் பேச்சு வந்திருக்கிறது. புரையே இல்லாத லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். தசை இறுகினாலும் அது உப்பாது. சரி. ஆனால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானாக மாறிக்கொள்கிற சக்தி இந்த வயதிலேயே போய்விடும். இளவயதில் லென்ஸை எடுத்தால் விழித்திரை பிரியும் ஆபத்தும் கூடுதல். இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கையெழுத்துக்கு நீட்டிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது.

உங்கள் முகாம்களால் எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். கொலுசு, தறி என்று கண்ணை ஊன்றி வேலை செய்கிற இளவயதுக்காரர் தூரம் மங்குகிறது என்று வந்தால், சொட்டு விட்டு அளக்காமல் மைனஸ் எழுதாதீர்கள். முகாமில் நேரமில்லையா, மறுநாள் வரச் சொல்லுங்கள். ஆபரேஷன் என்று வந்தால் எது கிடைக்கும், எது திரும்பவே வராது என்று தமிழில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவனின் அக்கா,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்